உகர வரிசையும் எழுத்துருவின் குணமும்: புதிய தமிழ் எழுத்துருக்களை மதிப்பிட ஓர் அளவுகோல்

புதிய தமிழ் எழுத்துரு ஒன்றை வரைகலைஞர்களுக்கு அறிமுகப்படுத்தும் மாதிரித் தாளில் பெரும்பாலும் 'அ' அல்லது 'ழ' பெரிதாக நிற்கும். கண்ணைக் கவரும் எழுத்துகள்தாம். அவற்றைப் பார்த்தே சுவரொட்டிக்கும் நூல் அட்டைக்கும் எழுத்துரு தேர்வாகிறது. ஆனால் ஓர் எழுத்துருவின் குணத்தை அவை காட்டுவதில்லை. அது வெளிப்படுவது உகர, ஊகார உயிர்மெய்களில் என்பதே இங்கு நான் நிறுவ விரும்புவது.

தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றை ஒருமுறை வரைந்தால் 18 மெய்களுக்கும் போதும். இகர ஈகார விலங்குகள் மெய்யோடு ஒட்டினாலும், டி, டீ போன்ற சிலவற்றைத் தவிர, ஒரே இயல்பில் ஒட்டுகின்றன. உகரமும் ஊகாரமும் அப்படியல்ல. அங்கே 36 வடிவங்களையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழிறங்குகிறது. து, நு, லு, று போன்றவற்றில் கீழே மடங்கி வலப்புறம் மேலேறுகிறது. டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் எழுத்தைச் சுற்றி வளைகிறது. கு இந்த மூன்றாம் கூட்டத்துக்கு அருகில் நின்றாலும் கூ தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது. ஊகாரத்தில் இந்த வேறுபாடுகள் இன்னும் பெருகுகின்றன.

இவை அரிதாக வரும் எழுத்துகள் என்று ஒதுக்கவும் முடியாது. நான்காம் வேற்றுமை உருபு 'கு'. வந்து, சென்று, கண்டு என இறந்தகால வினையெச்சங்கள் து, று, டு ஆகியவற்றில் முடிகின்றன. அது, இது, எது, உண்டு, என்று, போன்று என உகரத்தில் முடியும் சொற்கள் இல்லாமல் ஒரு பத்தி தமிழ் உரைநடை எழுதுவதே கடினம். ஆகவே பக்கத்தின் கருமையைத் தீர்மானிப்பதில் இவ்வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. 'து'வின் மடக்கு சற்றுக் கனத்துவிட்டால் பக்கம் முழுவதும் கறை படிந்ததுபோல் தோன்றும். அதைச் சுருக்கினால் 'து'வுக்கும் 'த'வுக்கும் இடையிலான தொலைவு சிறிய எழுத்தளவுகளில் குறைந்துவிடும். கீழிறங்கும் கோடுகளின் நீளமும் அப்படியே. மேல்வரியின் 'பு' கீழ்வரியின் புள்ளியிலோ மேல்விலங்கிலோ மோதாதிருக்க வேண்டுமானால், வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும் அல்லது கோட்டைக் குறுக்க வேண்டும். எழுத்துருவின் உயரக் கணக்கு முழுவதும் இந்த ஒரு முடிவைச் சார்ந்தது. தடித்த எடைகளில் சிக்கல் கூடுகிறது. மூன்று சுழிகள் கொண்ட 'ண'வே நெருக்கமான எழுத்து. 'ணு'விலும் 'ணூ'விலும் உள்வெளிகள் அடைபட்டால் ண, ன வேறுபாடே மங்கிவிடும்.

உரோமன் எழுத்தில் பயின்ற கை இங்கேதான் தடுமாறுகிறது. ப, ட, ம ஆகியவற்றின் நேர்கோடுகளுக்கு அங்கிருந்து ஏதேனும் கடன் வாங்கலாம். 'நூ'வுக்கு அங்கே முன்மாதிரி இல்லை. தமிழ்க் கையெழுத்தின் ஓட்டத்தை உள்வாங்கியவரே அதை வரைய முடியும்.

இவ்வரிசை சீர்திருத்தத்திலிருந்தும் தப்பி வந்திருக்கிறது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றபோது, றா, னா, ணா, ணை, லை முதலியவை மாறின. உகரத்தை அது தொடவில்லை. பின்னர் வா. செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 உயிர்மெய்களுக்கும் பொதுக் குறிகள் வேண்டும் என்று வாதிட்டார். கற்கும் குழந்தையின் சுமையை அவர் முன்வைத்தது மதிக்கத்தக்க வாதம். ஆனால் எழுத்துச் சீர்திருத்தத்தோடு எப்போதும் சேர்த்துப் பேசப்பட்ட இயந்திர வசதி என்ற காரணம் இன்று செல்லாது. 90 விசைகள் கொண்ட லைனோடைப் பொறிக்கும் தட்டச்சுக்கும் 36 தனி வடிவங்கள் பெரும் பாரம். ஓர் ஓப்பன்டைப் கோப்பிலோ 65,000க்கும் மேற்பட்ட வடிவங்களுக்கு இடமுண்டு.

இந்த அளவுகோலுடன் அண்மைக்கால வரவுகளைப் பார்க்கலாம். பிரியா இரவிச்சந்திரனின் 'கட்டமரன்' ஒன்பது எடைகளில் வருகிறது. ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி' தலைப்புகளுக்கான உருண்டு திரண்ட வடிவம். அதே குழுவின் 'அனேக்' ஒன்பது இந்திய எழுத்துமுறைகளையும் உரோமனையும் ஒரே குடும்பமாக்கி, எடையோடு அகலத்தையும் மாற்ற இடந்தருகிறது. பல மொழிகள் அருகருகே நிற்கும் பெயர்ப்பலகைக்கும் கைபேசித் திரைக்கும் இத்தகைய குடும்பங்கள் தேவை. அவை கட்டற்ற உரிமத்தில் கிடைப்பது பெருங்கொடை. என் மறுப்பு ஒத்திசைவு என்பதை இத்துறை புரிந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது. உயரமும் கோட்டின் முனையும் ஒத்திருந்தால் போதும் என்று கொண்டால், ஒவ்வோர் எழுத்துமுறையும் தன் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தே குடும்பத்தில் சேர நேரிடும். இரண்டு பத்திகளை அருகருகே வைத்தால் கருமை ஒத்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒற்றுமை தேவையில்லை.

மற்றொன்றும் இதோடு சேர்கிறது. அச்சு வரலாற்றில் நல்ல தமிழ் எழுத்துகள் ஏதேனும் ஒரு நூலின் தேவையிலிருந்து பிறந்தன. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டுக்குத் தாள் போதாது என்பதால் 1710களில் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் எழுத்தின் அளவைக் குறைத்துச் செம்மைப்படுத்தினார். 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் அங்கேதான் அச்சானது. நம் காலத்தில், மூர்த்தி செவ்வியல் நூலகத்துக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் உருவாக்கச் செய்த இந்திய எழுத்துருக்களிலிருந்து வளர்ந்தது டைரோ வரிசை. பெர்னாண்டோ மெல்லோவும் பியோனா ராசும் வடிவமைத்த 'டைரோ தமிழ்' அவ்வரிசையைச் சேர்ந்தது. தலைப்புக்கும் திரைக்கும் புதிய எழுத்துருக்கள் வந்துகொண்டிருக்க, முந்நூறு பக்கங்களைச் சோர்வின்றிப் படிக்க வைக்கும் உரை எழுத்துருக்கள் மிகக் குறைவு. அவற்றைக் கேட்டுப் பெறும் பதிப்பகங்களும் குறைவு.

தமிழ்நாடு பாடநூல் கழகம் முதல் வகுப்புக்கென்றே ஓர் எழுத்துருவை உருவாக்கச் செய்யலாம். அதில் நேரிறங்கும் கூட்டம், மடங்கி ஏறும் கூட்டம், சுற்றி வளையும் கூட்டம் ஆகிய மூன்றும் பார்த்தவுடன் தெரியும்படி, ஒரு கூட்டத்துக்குள் கோட்டின் தொடக்கமும் திருப்பமும் ஒரே அளவில் அமைய வேண்டும். அப்போது குழந்தை 36 வடிவங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று வழிகளையும் கூ போன்ற சில விலக்குகளையும் கற்றால் போதும். குழந்தைசாமி கவலைப்பட்ட சுமையில் ஒரு பகுதியை, எந்த எழுத்தையும் மாற்றாமல், வடிவமைப்பே இறக்கி வைக்கும்.