எலோவெனும் சிக்கமோரும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது கார்ன்வால். அந்த மண்ணின் மரம் எது, வந்தேறி எது என்று பிரிக்க எளிய வழி ஒன்று உண்டென்று தோன்றும்: பழைய கார்னிஷ் மொழியில் அதற்குப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா? கருவாலி இந்தச் சோதனையில் தேறிவிடும். கூட்டமாக நின்றால் ‘டெரோ’, ஒற்றை மரமென்றால் ‘டெரோவென்’. கார்னிஷ் மரப்பெயர்களில் பன்மைதான் வேர்ச்சொல். விகுதி சேர்த்தால்தான் ஒருமை கிடைக்கும். மரங்களின் பெயர் ஊர்ப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போஸ்காவென் என்றால் எல்டர் மரத்தடிக் குடியிருப்பு. கெலினாக் என்றால் ஹாலி மரங்கள் மண்டிய இடம்.

எல்ம் மரத்தை எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். ‘எலோ’, ‘எலோவென்’ என்று அதற்கும் பெயர் உண்டு. எலோவென் இன்று பெண் குழந்தைகளுக்கு விரும்பி வைக்கும் பெயரும்கூட. ஆனால் ஒடுங்கிய உச்சியோடு நெட்டையாக வளரும் கார்னிஷ் எல்ம், மனிதர்கள் பிரிட்டனியிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம் என்பது எல்ம் ஆய்வாளர் ஆர். எச். ரிச்சென்ஸின் கருத்து. எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. இந்த மரம் விதையால் பரவுவது அரிது. வேரிலிருந்து கன்று விட்டே பெருகும். அப்படிப்பட்டது கடல் தாண்டி வர யாராவது பிடுங்கிக் கொண்டுவந்து நட்டிருக்க வேண்டும். அதன் கட்டையில் இழைகள் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்களுக்குச் சுற்றிலும் துளை போட்டாலும் தாங்கும். தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தாலும் உளுக்காது.

சிக்கமோர் இதற்கு நேர்மாறு. (தமிழ் பைபிளில் சகேயு ஏறிய காட்டத்தி வேறு மரம், இது மேப்பிள் இனம்.) மத்திய, தென் ஐரோப்பிய மலைகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் வந்தபின் அதற்கு யார் தயவும் தேவைப்படவில்லை. இறக்கை கட்டிய விதைகள் காற்றில் சுழன்று போய் விழுந்த இடத்தில் முளைத்தன. உப்புக் காற்றுக்கும் அது அசையாது என்பதால் பண்ணை வீடுகளுக்குக் காப்பாகக் காற்று வரும் பக்கம் நட்டார்கள். வாசனையோ சுவையோ உணவில் இறக்காத வெளிர்க் கட்டை என்பதால் அகப்பைக்கும் வெண்ணெய் அச்சுக்கும் அதுவே வாகாக இருந்தது.

பரவும் விதத்தில் இருந்த வேற்றுமை பின்னாளில் உயிர் பிழைக்கும் கேள்வியாயிற்று. 1960களின் இறுதியில் வட அமெரிக்கக் கட்டைகளோடு பிரிட்டனுக்குள் நுழைந்த வீரியமான பூஞ்சை, பட்டை வண்டுகள் மூலம் பரவிக் கோடிக்கணக்கான எல்ம்களைக் கொன்றது. வேர்க்கன்றுகள் தாயின் நகல்கள் என்பதால் ஒன்றைச் சாய்த்த நோய் பக்கத்து மரத்தையும் சாய்த்தது. வேர் சாகாமல் இன்றும் துளிர்க்கிறது. தண்டு பருத்து வண்டுக்கு ஏற்ற பட்டை வந்ததும் மறுபடி பட்டுப்போகிறது. கல்லும் மண்ணும் அடுக்கிய கார்னிஷ் வேலிகளில் எல்ம் விட்டுப்போன இடம் பலவற்றில் இப்போது நிற்பது சிக்கமோர்தான்.

பழம்பெயர் இல்லாவிட்டாலும் ஊரார் அதை ஒதுக்கவில்லை. மே மாதம் ஹெல்ஸ்டன் நகரத்து ஹால்-அன்-டோ கொண்டாட்டத்தில் ஆடிவருவோர் கையில் பிடிப்பது சிக்கமோர்க் கிளை.

ஆகவே பெயரை வைத்து வயதையும் உரிமையையும் முடிவு செய்ய முடியாது. கருவாலிக் காடுகளுக்குள் சிக்கமோரைக் களைவதில் நியாயம் உண்டு. அதன் அடர்ந்த நிழலில் கீழே பூச்செடிகள் நலிகின்றன. கடலோர வேலிகளில் அப்படியல்ல. எல்ம் போய்விட்டது; 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்களும் பட்டு வருகின்றன. அங்கே அந்நிய மரமென்று சொல்லிச் சிக்கமோரை வெட்டினால், காற்றைத் தடுக்க வேறு மரம் அதிகம் மிஞ்சாது.