தீயோர் தரப்பில் நின்று ஆடுதல்: பாத்திரமேற்பு விளையாட்டுகளின் விதி வரலாற்றில் ஒரு சிக்கல் (1969–2016)

ஆய்வுச்சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆடுவோர் தீயோர் தரப்பை ஏற்பது பிற்காலத்தில் புகுந்த பிறழ்வு எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அத்தரப்பு இவ்விளையாட்டின் தோற்றத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதையும், அது விலக்கப்பட்ட சூழலையும், அதனை மீட்ட விதிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, சார்புநிலை, பிளாக்மூர், சபாத், தீயோர் தரப்பு

முன்னுரை

போர் விளையாட்டில் தீயோர் இல்லை. எதிரணி மட்டுமே உண்டு. நெப்போலியன் காலப் போரொன்றை மேசைமேல் ஆடும்போது பிரெஞ்சுப் படையை ஏற்றவரிடம் எவரும் அறம் குறித்து வினவுவதில்லை. பாத்திரமேற்பு விளையாட்டு இத்தகைய போர் விளையாட்டிலிருந்தே கிளைத்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி 1969ஆம் ஆண்டு 'பிரவுன்ஸ்டைன்' என்னும் ஆட்டத்தை நடத்தினார். அதில் படைகளோடு, கற்பனையான ஜெர்மானிய ஊரொன்றின் தனிமனிதர்களும் ஆடுவோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருந்தது. நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதின.

பிளாக்மூர்: காட்டேரியும் சமயகுருவும்

அவ்வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் 1971இல் தொடங்கிய பிளாக்மூர் ஆட்டத்தொடரில் நல்லோர் தரப்பையும் தீயோர் தரப்பையும் ஆடுவோரே ஏற்றனர். இரு தரப்பாருக்கும் நிலமும் படையும் பொருளும் இருந்தன. 1977இல் ஆர்னசன் வெளியிட்ட ஆட்டக்குறிப்புத் தொகுப்பில் அவற்றின் பட்டியல்கள் காணப்படுகின்றன. ஒரு கட்டத்தில் நல்லோர் தரப்பு பிளாக்மூரை இழந்து, லாக் குளூமன் என்னும் பகுதிக்கு வெளியேற நேர்ந்தது. தீயோர் உண்மையாகவே வெல்லக்கூடிய ஆட்டமாக அது இருந்தது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை.

அத்தொடரில் ஒருவரின் பாத்திரம் காட்டேரியாக மாறி, 'சர் ஃபாங்' என்னும் பெயருடன் தொடர்ந்து ஆடப்பட்டது. அதன் ஆற்றல் மிகுந்து ஆட்டத்தின் சமநிலை குலையவே, அதனை எதிர்க்கவல்ல புதிய பாத்திரவகை தேவைப்பட்டது. மைக் கார் ஏற்ற சமயகுரு அவ்வாறு பிறந்தவர். இன்று நோயாற்றும் நற்பாத்திரமாகவே அறியப்படும் சமயகுரு, தீய பாத்திரம் ஒன்றின் வெற்றிக்கு மறுமொழியாகத் தோன்றினார் என்பது இத்துறை வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை என்பது கட்டுரையாளரின் கருத்து.

அணியிலிருந்து இயல்புக்கு

ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் மூன்று சிறுநூல்களாக வெளிவந்தது. அதில் சட்டம், நடுநிலை, குழப்பம் என மூன்று சார்புநிலைகளே இருந்தன. அவை படைப்பிரிவுப் பட்டியல்களைப் போன்றே உயிரினங்களை மூன்று வரிசைகளில் நிறுத்தின. குழப்பத் தரப்புச் சமயகுருவுக்கும் அந்நூல் இடமளித்தது. 1976இல் கைகாக்ஸ் எழுதிய கட்டுரையொன்று நன்மை, தீமை என்னும் இரண்டாம் அச்சைச் சேர்த்தது. 1978ஆம் ஆண்டின் விதிநூலில் சார்புநிலைகள் ஒன்பதாயின.

இம்மாற்றம் சிறிதன்று. முன்னது 'நீ எவருடன் நிற்கிறாய்' என்று கேட்டது. பின்னது 'நீ எத்தகையவன்' என்று கேட்டது. 1975இல் நடுநிலையினராக அறிமுகமான கூலிக்கொலைஞர், 1978இல் தீயவராகவே இருத்தல் வேண்டும் என வரையறுக்கப்பட்டனர். தீமை தனிமனித இயல்பானபின், தீயோர் ஐவர் ஒரே குழுவாகச் செல்வதற்கான காரணம் மறைந்தது. ஒருவர் பொருளை ஒருவர் திருடுவதும் உறங்குவோரைக் கொல்வதும் விதிப்படி சரியான ஆட்டமாகி, மேசை நட்பைக் குலைத்தன. இதற்கிடையில் கென் செயின்ட் ஆண்ட்ரே 1976இல் ஆக்கிய 'மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!' மனித ஊர்களைச் சூறையாடும் பூதங்களை ஆடுவோரின் கையில் கொடுத்தது. அஃது அணிமுறையின் எச்சம் எனலாம்.

விலக்கம்

1980களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டின்மீது சமயம் சார்ந்த அச்சம் பரவியது. 1983இல் இதற்கெதிராகவே ஓர் அமைப்பு உருவானது. 1985இல் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதனைப் பேசியது. 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் கூலிக்கொலைஞர் வகையும் பாதி ஓர்க் இனமும் ஆடுவோருக்குரிய தெரிவுகளிலிருந்து நீக்கப்பட்டன. பேய்களும் சாத்தான்களும் 1991இல் திரும்பியபோது 'தனாரி', 'பாட்டேசு' என்னும் புதுப்பெயர்களைத் தாங்கியிருந்தன.

மீட்பு

1991இல் வெளிவந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' விளையாட்டில் ஆடுவோர் அனைவரும் காட்டேரிகளே. எனினும் 'மனிதத்தன்மை' என்னும் அளவை முற்றிலும் இழந்த பாத்திரம் ஆடுவோர் கையிலிருந்து பறிக்கப்படும். கொடியோராகச் சித்திரிக்கப்பட்ட 'சபாத்' என்னும் பிரிவு முதலில் எதிரியாகவே இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான கையேடு அதனை ஆடுவோருக்குத் திறந்துவிட்டது. மனிதத்தன்மைக்கு மாற்றாக வேறு ஒழுக்க நெறிகளை அது வகுத்தது. அதனினும் இன்றியமையாதது 'வால்டரி' என்னும் சடங்கு: குழுவினர் தம் குருதியை ஒரே கலத்தில் கலந்து அருந்துவர், அதனால் ஒருவர்மீது ஒருவருக்கு விளையும் பற்று எண்ணால் அளக்கப்படும். காட்டிக்கொடுத்தலைத் தடுக்க அறிவுரை கூறாமல், விசுவாசத்தையே விதியாக்கிய தீர்வு இது. தீயோர் தரப்பு மீண்டும் அணியானது.

பைசோ நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'ஹெல்ஸ் வெஞ்சன்ஸ்' என்னும் ஆறு பகுதித் தொடர் இன்னொரு வழியைக் கையாண்டது. ஆடுவோர் அதில் கொள்ளையரல்லர். செலியாக்ஸ் நாட்டை ஆளும் துரூன் குடியின் சார்பில் கிளர்ச்சியை ஒடுக்குவோர். அவர்களைப் பிணைப்பது அரசாணை. எதிர்நிற்போர் நற்றெய்வமொன்றின் வீரர்கள். அதே குடியை எதிர்க்கும் கிளர்ச்சியாளரை ஆடுவோருக்கு வழங்கிய 'ஹெல்ஸ் ரெபல்ஸ்' தொடர் 2015இல் தொடங்கி, இது வெளிவரத் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில்தான் நிறைவுற்றிருந்தது. பிளாக்மூரில் ஒரே ஆட்டத்தொடருக்குள் மோதிய இரு தரப்புகள், இங்கு தனித்தனி நூல்களாக, ஒன்றையொன்று சந்திக்காத இரு மேசைகளுக்கு எழுதப்பட்டன.