அரண்மனையின் விருந்தாளிகளா நாம்?

கண்டிக்குப் போய்வரும் நம்மவர்களில் பலர் தலதா மாளிகையையே அரச மாளிகை என்று எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள். மன்னர் வாழ்ந்த இடம் வேறு. முதலாம் விமலதர்மசூரியன் முதல் 1815 வரை வந்த மன்னர்கள் இடித்தும் கட்டியும் விரித்தும் சென்ற அந்த அரண்மனைத் தொகுதி இன்று துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மன்னரின் வாசஸ்தலம் தொல்பொருள் நூதனசாலையாகியிருக்கிறது. அரசியர் வாழ்ந்த பல்லே வாகலவில் 1942 முதல் தேசிய நூதனசாலை இயங்குகிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களோடு அரசவை மண்டபமான மகுல் மடுவ நிற்கிறது. 1802இல் எழுந்த எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, மாளிகையின் முகப்பாகவே மாறிவிட்டது. எதிரே கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவி.

அண்மையில் இவற்றையெல்லாம் ஆறுதலாகப் பார்க்க வேண்டுமென்று இரண்டு இரவுகள் கண்டியில் தங்கினேன். முதல் இரவு வாவிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு சிறிய விடுதி. மறுநாள், கொஞ்சம் கைச்செலவு கூடினாலும் பரவாயில்லை என்று குயின்ஸ் ஹோட்டலுக்கு மாறினேன். பழைய மரத்தளமும் உயர்ந்த கூரையும் கொண்ட அந்தக் கட்டடம் மாளிகைக்கு நேர் எதிரே இருக்கிறது. துல்லேவ பிரதானியின் வளவு இருந்த நிலத்தில் எழுந்தது அது என்பார்கள். அரசன் போன பிறகு அரசனின் வீட்டில் ஆங்கிலேயப் பிரதிநிதி ஜோன் டொய்லி குடியேறினார். பிரதானியின் வளவு இருந்த இடமோ பயணிகள் வாடகைக்குத் தூங்கும் இடமாயிற்று.

மலைச்சரிவு விடுதியில் காலைச் சாப்பாட்டின்போது ஒரு வழிகாட்டியோடு பேச்சுக் கொடுத்தேன். நல்ல மனிதர். அரண்மனையைப் பற்றி நிறையச் சொன்னார். என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், "உங்கட ஆக்கள் வியாபாரத்துக்கு வந்து தங்கினவங்கதானே? எங்கட ராஜாக்கள் இடம் குடுத்தாங்க" என்றார். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. பாடசாலையில் படித்ததைச் சொன்னார். ஆனால் அந்த வசனம் என்னோடு நூதனசாலைக்குள்ளும் வந்தது. ஹோட்டலில் தங்குகிறவன் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறவன். அவனுக்கு அந்த வீட்டில் ஒரு பொறுப்பும் இல்லை. கண்டி அரண்மனையில் நம் முன்னோர் அப்படித்தான் இருந்தார்களா?

சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. 1626இல் போர்த்துக்கீசர் தங்கள் ஆட்சிப்புலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்பது போர்த்துக்கீசர் எழுதிவைத்த செய்தி. "இடம் கொடுத்தார்கள்" என்பது இந்த அளவில் உண்மைதான். நன்றியோடு நினைக்க வேண்டியதும்கூட. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு தகவல் உண்டு. கண்டி நகரில் சோனகருக்கு ஒரு தொழுகைத் தலம் இருந்தது. நிலமுடைய ஒவ்வொரு குடியும் அதற்கு ஒரு பணம் செலுத்த வேண்டுமென்று முன்னிருந்த மன்னர் ஒருவர் உரிமை வழங்கியிருந்தார். அதை வாங்கச் சோனகர் வீடு வீடாகச் சென்றார்கள். விருந்தாளிக்கு இப்படி வரி வாங்கும் உரிமையை யாரும் கொடுப்பதில்லை.

அடுத்தது ராஜகாரிய. கண்டி இராச்சியத்தில் நிலம் வைத்திருப்பதென்றால் அதற்கான சேவையைச் செய்தாக வேண்டும். பொதிமாடுகளைக் கொண்டு பொருள் ஏற்றி இறக்கிய 'மடிகே பத்த' என்ற திணைக்களத்தில் முஸ்லிம்கள் பெருமளவில் இருந்தார்கள். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியதும், மலைநாட்டுப் பாக்கு கீழே இறங்கியதும் தவளம் ஓட்டியவர்களின் காலால்தான். அரச மருந்துச்சாலையான பெஹெத்கேயிலும் முஸ்லிம் வைத்தியர்கள் பணியாற்றினார்கள். கோபால என்ற பெயர் தாங்கிய முஸ்லிம் வைத்தியக் குடும்பம் அரச மானியம் பெற்றது. 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்லப் பிரதானிகள் சிலர் சதி செய்தபோது, அதை மன்னரின் காதில் போட்டவர்களுள் ஒருவர் கோபால முதலியார். இவற்றையெல்லாம் பேராசிரியை லோர்ணா தேவராஜா 1994இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பல இன்றும் சுமக்கும் 'கே'யில் முடியும் சிங்கள வாசகமப் பெயர்கள் அந்தச் சேவையின் மிச்சங்களே.

இதை வெறும் நல்லிணக்கக் கதையாகச் சொல்லி முடிப்பதும் சரியல்ல. 1803 ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை அரண்மனையைத் தாக்கியபோது, மன்னரின் சேவையிலிருந்த மலாயர்களுக்குத் தலைவனாக வந்த சங்குங்லோ அங்கேயே மாண்டான். அரண்மனையைக் காத்துநின்ற ஆங்கிலப் படையிலும் மலாயர்கள் இருந்தார்கள். பிடிபட்ட அவர்களின் கப்டன் நூறுத்தீன், மன்னரின் சேவையில் சேர மறுத்ததால் கொல்லப்பட்டார். ஒரே மார்க்கம், ஒரே மொழி, இரண்டு கொடிகள். அரண்மனையோடு நமக்கிருந்த உறவு சேவையும் விசுவாசமும் சார்ந்தது. அதற்கு விலையும் இருந்தது. விருந்தாளியிடம் யாரும் அந்த விலையைக் கேட்பதில்லை.

1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதோடு அந்த ஏற்பாடு குலைந்தது. மன்னர் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்காரை முஹந்திரமாக்கி, முஸ்லிம்களைச் சிங்களப் பிரதானியின் அதிகாரத்திலிருந்து பிரித்தார்கள். பிரதானிகளின் மனக்கசப்பும் கிளர்ச்சியும் தொடர்ந்தன. அவரும் கிளர்ச்சிக்காரரால் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரே அரசின் கீழ் வெவ்வேறு சேவை செய்தவர்கள் அன்றிலிருந்து வெவ்வேறு சமூகங்களாக எண்ணப்படலாயினர். 1915 மே 28 இரவு, வெசாக் நாளில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கலவரமும், 2018 மார்ச்சில் திகனையில் எரிந்த கடைகளும் வீடுகளும் அந்த எண்ணத்தின் நீண்ட நிழல்கள் என்றே எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் உடனடிக் காரணங்கள் வேறு. ஆனால் "வந்து தங்கியவர்கள்" என்ற வசனம் இரண்டிலும் எங்கோ ஒலித்தது.

இரண்டாம் நாள் முழுவதும் நூதனசாலைகளில் செலவிட்டேன். வாள்கள், ஆபரணங்கள், ஏடுகள், பல்லக்குப் பாகங்கள் எல்லாம் பார்த்தேன். தவளம் ஓட்டியவனையும் மருந்து அரைத்தவனையும் அங்கே நான் காணவில்லை. இதற்கு நூதனசாலையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கண்டி, கேகாலை, பதுளை மாவட்டக் கிராமங்களில் நம் வீடுகளின் பெட்டகங்களில் பழைய சன்னஸ்களும் காணி உறுதிகளும் வைத்திய ஏடுகளும் எஞ்சியிருக்கலாம். கறையானுக்கு முன்னால் நாம் அவற்றைத் தேடிப்போக வேண்டும். படமெடுத்து, வாசித்து, சிங்களத்திலும் தமிழிலும் பதிப்பிக்க வேண்டும். நமது எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு கிராமமாக எடுத்துக்கொண்டாலே போதும். அந்த வழிகாட்டிக்கு நான் சொல்ல விரும்பும் பதில் அந்தப் பெட்டகங்களில்தான் இருக்கிறது.