எப்பாவல பொஸ்பேற்றுப் படிவு: கனிமம், கால்வாய், வழக்கு (1971–2000)

ஆய்வுச்சுருக்கம்

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட எப்பாவல பொஸ்பேற்றுப் படிவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. கனிமத்தின் வேதியியல் இயல்பு அதன் பயன்பாட்டை எவ்வாறு வரையறுத்தது என்பதும், 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்மையில் எதனைத் தடுத்தது என்பதும் இங்கு நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அப்பதைற்று, பொஸ்பேற்று உரம், ஜய கங்கை, அடிப்படை உரிமை வழக்கு, சுற்றாடல் சட்டம்

படிவும் அதன் இயல்பும்

அனுராதபுர மாவட்டத்திலுள்ள எப்பாவல, குளங்களையும் நெல்வயல்களையும் சார்ந்து வாழும் உலர்வலயப் பிரதேசமாகும். 1971இல் அன்றைய புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் இங்கு அப்பதைற்றுப் படிவு ஒன்றினைக் கண்டறிந்தது. மிகப் பழைய காபனற்றைற்றுப் பாறையிலிருந்த காபனேற்றுக் கனிமங்களை மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்து அகற்ற, எளிதிற் கரையாத அப்பதைற்று எஞ்சிச் செறிவடைந்தது. பச்சை நிறப் பளிங்குகளும் அவற்றைச் சூழ்ந்த இரண்டாம்நிலைப் பொஸ்பேற்றுமாக இப்படிவு அமைந்துள்ளது. இதன் அளவு சுமார் 60 மில்லியன் தொன் என்பது நெடுங்காலம் எடுத்தாளப்பட்டு வந்த மதிப்பீடு. அதில் ஒரு பகுதி மட்டுமே துளையிட்டு உறுதிசெய்யப்பட்டதாகும். ஏனையது ஊகக் கணிப்பு. பின்னெழுந்த வழக்கில் இவ்வேறுபாடு பெரிதும் முக்கியம் பெற்றது.

பொஸ்பேற்றுப் பாறையை உரமாக்கும் வழி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டது. பாறைத் தூளுடன் சல்பூரிக் அமிலத்தைச் சேர்க்க, நீரிற் கரையும் சுப்பர்பொஸ்பேற்றும் ஜிப்சமும் கிடைக்கும். பொஸ்போரிக் அமிலத்தைச் சேர்த்தால் செறிவு கூடிய மும்மைச் சுப்பர்பொஸ்பேற்று உருவாகும். எப்பாவலயில் இவ்வழி இலகுவாக இருக்கவில்லை. இலங்கையில் கந்தகப் படிவு இல்லாமையால் அமிலத்திற்கு வேண்டிய மூலப்பொருள் வெளியிலிருந்தே வரவேண்டும். மேலும் இங்குள்ள அப்பதைற்றில் குளோரின் கலந்திருப்பதால், அமிலத்துடன் வினைபுரியும்போது உலோகக் கலன்களை அரிக்கும் பொருள்கள் வெளியாகும். எனவே அகழ்ந்த பாறையை அரைத்துத் தூளாகவே வயலுக்கு அனுப்பும் முறை நிலைபெற்றது. இப்பணியை முதலில் அரச சுரங்க, கனிமப்பொருள் அபிவிருத்திக் கூட்டுத்தாபனமும், 1992 முதல் லங்கா பொஸ்பேற்று நிறுவனமும் மேற்கொண்டன.

அரைத்த தூள் மண்ணில் மிக மெதுவாகவே கரையும். மலையகத்தின் தேயிலை மண்ணில் அமிலத்தன்மை மிகுதி; தேயிலை பல பத்தாண்டுகள் நிற்கும் பயிர். இறப்பருக்கும் தென்னைக்கும் இந்த நீண்ட கால வசதி உண்டு. ஆகவே தோட்டப் பயிர்களுக்கு எப்பாவலத் தூள் பொருத்தமான உரமாயிற்று. மூன்று நான்கு மாதங்களில் அறுவடையாகும் நெல்லோ காத்திருக்க இயலாதது. நீர் தேங்கிய வயல் மண்ணில் அமிலத்தன்மையும் குறைந்துவிடும். எப்பாவல உழவரின் நிலத்தின்கீழ் கிடந்த பொஸ்பேற்று அவர்களது பயிருக்கு உதவாமல், தொலைவிலுள்ள தோட்டங்களுக்கே உதவியது. நெல்லுக்குரிய மும்மைச் சுப்பர்பொஸ்பேற்று கப்பலில் வந்தது. இப்படிவு பற்றிய அரசியல் விவாதங்களில் இந்த முரண் போதிய கவனம் பெறவில்லை.

1990களின் திட்டம்

சிறிய அளவில் நடைபெற்ற அகழ்வைப் பெருந்தொழிலாக்கும் முயற்சி 1990களில் உருப்பெற்றது. அமெரிக்காவின் ஃபிறீபோர்ட் மக்மொறன் நிறுவனத்துடனும் அதன் பங்காளிகளுடனும் அரசாங்கம் பேச்சுவார்த்தை நடத்தியது. முன்மொழியப்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஆய்வுக்குரிய பரப்பு 56 சதுர கிலோமீற்றர். அதனைச் சூழ 10 கிலோமீற்றர் அகலமான இடைவலயம். அகழ்வு 30 ஆண்டுகளுக்குரியது. பாறையைப் பதப்படுத்தும் பொஸ்போரிக், சல்பூரிக் அமில ஆலைகள் திருகோணமலையில் அமையவிருந்தன. ஒரு தொன் பொஸ்போரிக் அமிலத்திற்குச் சுமார் ஐந்து தொன் பொஸ்போஜிப்சம் கழிவாகச் சேரும். எனவே எப்பாவலயில் நிலத்தை இழப்போரும் திருகோணமலையில் கழிவின் அருகே வாழவேண்டியோரும் ஒரே திட்டத்தின் இரு முனைகளில் இருந்தனர். எதிர்ப்பு வரலாறுகள் பெரும்பாலும் முதலாமவரையே பேசுகின்றன.

அகழ்வு நிறைவேறியிருந்தால் சுமார் 2,600 குடும்பங்கள், அதாவது ஏறத்தாழ 12,000 பேர், நிரந்தரமாக இடம்பெயர நேர்ந்திருக்கும். நிலத்தோடு நீரும் இழக்கப்படவிருந்தது. கலாவெவயிலிருந்து அனுராதபுரத்துத் திசாவெவ வரை சுமார் 87 கிலோமீற்றர் நீளும் ஜய கங்கை (யோத எல) இப்பகுதியூடாகச் செல்கின்றது. 5ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னன் காலத்துடன் தொடர்புபடுத்தப்படும் இக்கால்வாய், முதல் 17 மைல் தூரத்திற்கு மைலுக்கு 6 அங்குலம் மட்டுமே சரிவதாகக் கூறப்படுகின்றது. அதன் ஒரு பக்கத்தில் மட்டுமே அணை உண்டு. மறுபக்கம் திறந்திருப்பதால் மேட்டுநில நீர் அதில் வடிந்து சேரும்; வழியிலுள்ள சிறு குளங்கள் அதனால் நிரம்பும். இத்தகைய அமைப்பில் ஓரிடத்தைத் தோண்டினால் பாதிப்பு அவ்விடத்தோடு நிற்பதில்லை. கால்வாயைத் திசைதிருப்பி அமைக்கலாம் என்போர் அச்சரிவின் நுண்மையைக் கருதவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

வழக்கும் தீர்ப்பும்

எப்பாவலப் பகுதியைச் சேர்ந்த எழுவர் 1999இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தனர். நெல், தென்னைச் செய்கையாளர்களும் பௌத்த விகாரை ஒன்றின் தலைமைப் பிக்குவும் அவர்களுள் அடங்குவர். சட்டத்தின் முன் சமத்துவம், தொழில் செய்யும் சுதந்திரம், விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரம் ஆகியன மீறப்படவுள்ளன என்பது அவர்களது வாதம். ஒப்பந்தம் இன்னும் கைச்சாத்திடப்படவில்லை என்பது எதிர்த்தரப்பின் விடையாயிற்று. உடனடியாக நிகழவுள்ள மீறலுக்கும் அரசியலமைப்பு பரிகாரம் அளிப்பதால் அவ்விடை ஏற்கப்படவில்லை.

புலன்குளம எதிர் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சின் செயலாளர் என அறியப்படும் இவ்வழக்கின் தீர்ப்பை நீதியரசர் அமரசிங்க 2000 ஜூன் 2ஆம் திகதி வழங்கினார். 1972இன் ஸ்டொக்ஹோம், 1992இன் ரியோ பிரகடனங்களும், சர்வதேச நீதிமன்றத்தில் நீதியரசர் வீரமந்திரி 1997இல் வழங்கிய தனித் தீர்ப்பும் அதில் எடுத்தாளப்பட்டன. பிந்தையது இலங்கையின் பண்டைய நீர்ப்பாசன மரபை விரிவாகப் பேசியதாகும். பிறநாட்டுச் சட்டங்களில் வழங்கும் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை அமரசிங்க அப்படியே கைக்கொள்ளவில்லை. இறைமை மக்களிடமே உள்ளது என்பதால், அரசின் அங்கங்கள் மக்களின் வளங்களுக்குக் காவலர்கள் என்ற பரந்த கருத்தை அவர் முன்வைத்தார்.

ஆயினும் தீர்ப்பின் செயற்பகுதி, அதன் புகழ்பெற்ற தத்துவப் பகுதியை விட அடக்கமானது. நீதிமன்றம் அகழ்வைத் தடைசெய்யவில்லை. ஒப்பந்தம் செய்வதையே நிறுத்தியது, அதுவும் இரு நிபந்தனைகள் நிறைவேறும் வரையில். படிவின் இடம், அளவு, தரம் ஆகியவற்றைத் தேசிய விஞ்ஞானக் கழகம், தேசிய விஞ்ஞான மன்றம் ஆகியவற்றின் ஆலோசனையுடன் முழுமையாக ஆராய்ந்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது ஒன்று. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும் என்பது மற்றது. ஒப்பந்தத்தின் ஏற்பாடுகள் இச்சட்டத்தின் வழமையான நடைமுறையைச் சுற்றிச் செல்ல முயன்றன என்று நீதிமன்றம் கண்டது. எவ்வளவு இருக்கின்றது என்று அறியாமலே 30 ஆண்டுகளில் அகழ்ந்து தீர்க்க ஒப்புக்கொள்வது எவ்வாறு என்ற வினாவே இங்கு மையமானது. இவ்வழக்கைக் கிராமம் கம்பனியை வென்ற கதையாக மட்டும் வாசிப்பது இம்மையத்தைத் தவறவிடுகின்றது.

திட்டம் நிறைவேறவில்லை. லங்கா பொஸ்பேற்றின் அகழ்வு தொடர்ந்தது. தூள் தோட்டங்களுக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது பழைய முரண் மீண்டும் வெளிப்பட்டது. நாட்டுக்குள் பொஸ்பேற்று இருந்தும், அதனை நெல்லுக்குரிய வடிவில் மாற்றும் பேராலை இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது.