கணக்கில் வராத கைகள்

இந்தியாவின் மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது. 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்வோர் சுமார் 45 கோடி. தலைகளை எண்ணினால் இந்தியா மும்மடங்குக்கும் மேல். ஆனால் உழைப்பாளர் தொகையை, அதாவது வேலையில் இருப்போரையும் வேலை தேடுவோரையும் கூட்டிவரும் தொகையை, ஒப்பிடுகையில் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. அங்கே சுமார் 22 கோடி. இங்கே 55 முதல் 60 கோடி வரை. ஏறத்தாழ இரண்டரை மடங்குதான். எஞ்சியோர் எங்கே போயினர்?

இந்தியாவில் சிறார் விகிதம் அதிகம் என்பது விடையின் ஒரு பகுதி. மறுபகுதி பெண்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 முதல் 64 வயதுவரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் உழைப்பாளர் கணக்கில் வருகின்றனர். இந்தியாவில் 2017-18ஆம் ஆண்டு ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலுமுள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர் மட்டுமே. அப்படியானால் இந்தியப் பெண்கள் உழைப்பதில்லையா? களத்துமேட்டையும் மாட்டுத்தொழுவத்தையும் அறிந்த எவரும் இதை ஏற்கமாட்டார்.

இங்கேதான் நாம் அளவுகோலின் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் முன்பெல்லாம் ஒருவரின் வழக்கமான தொழில் என்ன என்றே கேட்டனர். 1930களின் பெருமந்தத்தில், தொழில் இருந்தும் வேலை இல்லாதோர் பெருகினர். எனவே 1940இல், குறிப்பிட்ட ஒரு வாரத்தில் வேலை செய்தாரா, தேடினாரா என்று கேட்கத் தொடங்கினர். வீடு வேறு, கூலி வேலை வேறு என்று பிரிந்துவிட்ட ஒரு சமூகத்திற்குப் பொருந்திய கேள்வி அது. வீடும் வயலும் ஒன்றாகவே கிடக்கும் கிராமத்திற்கு அது எளிதில் பொருந்துவதில்லை.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, பருவகால வேலைகளில் பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உழைத்தவரையும் உழைப்பாளராக ஏற்றது. பெண் உழைப்பாளர் 5.9 கோடிக்கு மேல் என்று பதிவாயிற்று. 1971இல் கேள்வி மாறியது: 'முதன்மையான வேலை எது?' களை பறித்து, நெல் புடைத்து, கறவை பார்த்தவளும் 'வீட்டு வேலை' என்ற கட்டத்திற்குள் போனாள். தொகை சுமார் 3.1 கோடியாக வீழ்ந்தது. அதே பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 11 கோடி கூடியிருந்தது! குறையை உணர்ந்து, 1991இல் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் அடங்கும் என்று கேள்வியிலேயே சேர்த்தனர்.

சிக்கல் அத்துடன் தீரவில்லை. 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, சொந்த நுகர்வுக்காக விளைவிப்பதை 'உழைப்பு' என்று ஏற்றது. ஆனால் 'வேலைவாய்ப்பு' என்ற வகையிலிருந்து விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் இவ்வரையறையைப் பின்பற்றுகிறது. இந்திய ஆய்வுகளோ அத்தகைய விளைச்சலையும் வேலையாகவே எண்ணிவந்தன. 2023-24இல் இந்தியப் பெண்களின் பங்கு 41.7 விழுக்காடாக உயர்ந்ததில், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோருக்கும் கணிசமான இடமுண்டு.

எனவே ஒரு நாட்டையும் ஒரு கண்டத்தின் பெரும்பகுதியையும் ஒரே அட்டவணையில் நிறுத்தும்போது, இரு வேறு கேள்விகளுக்கான விடைகளையும் நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். இது புள்ளியியலாளரின் தனிக் கவலை அன்று. உழைப்பாளர் என்று ஏட்டில் ஏறாதவளின் பெயரில் கூலி உயர்வும் கேட்கப்படாது, ஓய்வூதியமும் கேட்கப்படாது.