கிழக்குக் கடற்கரைச் சாலையோர மீனவ ஊர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோர மீனவ ஊர்கள் என்பன சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, வங்காள விரிகுடாவை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் அமைந்துள்ள சிற்றூர்கள் ஆகும். சென்னை திருவான்மியூரில் தொடங்கும் இச்சாலைப் பகுதியின் நீளம் ஏறத்தாழ 150 கி.மீ. இது மேம்படுத்தப்பட்டு, 2002 முதல் சுங்கக் கட்டணச் சாலையாக இயங்கத் தொடங்கியது. பெரும்பாலான ஊர்கள் சாலையிலேயே அமையவில்லை. கிழக்கே பிரியும் கிளைச் சாலைகளின் முடிவில் உள்ளன. இதனால் விரைந்து செல்லும் பயணிகள் பலர் இவற்றைக் காணாமலே கடந்துவிடுகின்றனர்.

பெயரும் வாழ்வும்

இவ்வூர்களில் பலவற்றின் பெயர்கள் 'குப்பம்' என்று முடிகின்றன. இக்கடற்கரையில் அச்சொல் மீனவர் குடியிருப்பைக் குறிக்கிறது. இங்கு வாழும் மீனவர்களுள் பெரும்பான்மையோர் பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் கட்டுமரம் இவர்களின் மரபுவழிக் கலமாகும். இன்று பெரும்பாலும் இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே பயன்படுகின்றன.

முக்கிய ஊர்கள்

கோவளம்: முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் தென்புறம் உள்ளது. 18 ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கோட்டையை 1752 இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். அண்மைக் காலத்தில் அலைச்சறுக்குப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் கடற்கரை, 2021 இல் நீலக்கொடிச் சான்று பெற்றது.

சதுரங்கப்பட்டினம்: மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தை அடுத்துள்ளது. டச்சுக்காரர் இங்கு பருத்தித் துணி வணிகம் செய்தனர். அவர்களின் செங்கற் கோட்டையும், அதனுள் செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைக் கற்களும் எஞ்சியுள்ளன. 1782 பெப்ரவரியில் இவ்வூருக்கு அப்பாலுள்ள கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் போரிட்டன.

ஆலம்பரை: பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் கடப்பாக்கத்தின் அருகே காணலாம். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட கோட்டையின் இடிபாடுகள் இங்கு உள்ளன. 1750 இல் இது பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு வழங்கப்பட்டது. 1760 இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றி இடித்தனர்.

மரக்காணம்: உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கப்படுகிறது. மழைக்காலத்தில் இவ்வேலை நின்றுவிடும். அருகிலுள்ள கழுவேலி நீர்நிலை 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கடற்கரையின் பயன்பாடு

வெளியூர்ப் பயணிகளுக்கு ஆளற்ற மணல்வெளியாகத் தோன்றும் இடம் மீனவருக்குத் தொழிற்களம் ஆகும். படகை ஏற்றி வைத்தல், வலை உலர்த்துதல், வலை பழுதுபார்த்தல், மீனை ஏலம் விடுதல், கருவாடு காயவைத்தல் ஆகிய அனைத்தும் மணலில்தான் நடைபெறுகின்றன. துறைமுகம் இல்லாத இவ்வூர்களில் மணற்பரப்பு குறைந்தால் தொழிலும் குறைகிறது.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன்பின் தமிழ்நாடு அரசு 2005 இல் அறிவித்த மறுகுடியமர்வுத் திட்டத்தில், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் உட்பகுதியில் புதிய வீடு பெற வேண்டுமானால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இதனால் பாதுகாப்பான வீடா, கரையருகே இருப்பதா என்ற கேள்வி மீனவக் குடும்பங்கள் முன் எழுந்தது. கடலிலிருந்து தள்ளிக் குடியேறுவோர் படகையும் வலையையும் கண்காணிப்பதும், கடலின் நிலையைப் பார்த்துப் புறப்படுவதும் கடினமாகின்றன.

கரையோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலாக 1991 இல் வெளியானது. ஊரகப் பகுதிகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கட்டுப்படுத்தப்பட்டது. 2019 அறிவிக்கையில், சதுர கி.மீ.க்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கு இத்தூரம் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

கடலரிப்பு

இக்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் இத்திசை மாறுகிறது. கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர் இவ்வோட்டத்தை மறித்தால், அதன் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கப்படும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின் நகரின் மணற்கரை பெரும்பாலும் மறைந்தது. கற்கள் கொட்டிக் கரை காக்கப்பட்டபோது அரிப்பு வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களைப் பாதித்தது. ஓரிடத்தில் போடப்படும் தடுப்பு அடுத்த ஊரின் மணலைக் குறைப்பதால், ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே தடுப்பு அமைப்பது இதற்குத் தீர்வாவதில்லை.

பயணம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரி முதல் மார்ச் வரை பயணத்திற்கு ஏற்ற காலமாகும். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் இக்காலத்தில்தான். செயற்கை வெளிச்சம் ஆமைக்குஞ்சுகளைத் திசைமாற்றும் என்பதால் இரவில் கரையில் விளக்குகளைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லை. எனவே அம்மாதங்களிலும் குப்பங்களில் காலைநேர மீன் ஏலத்தைக் காணலாம். கடல் நீரோட்டம் வலுவானதாகையால், குளிக்க இறங்குமுன் உள்ளூர் மீனவரிடம் கேட்டறிதல் வேண்டும்.