உருவவாதமும் தத்துவக் கொள்கையும்: சி. சு. செல்லப்பாவை முன்வைத்து

ஒரு படைப்பின் மதிப்பை அது சொல்லும் கருத்தைக் கொண்டு அளக்காமல், சொல், ஓசை, படிமம், கட்டமைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆராயும் அணுகுமுறை உருவவாதம் எனப்படும்.

தத்துவ வேர்

அழகுணர்வு பயன்நோக்கு அற்றது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790-இல் வாதிட்டார். இக்கருத்து பிற்கால உருவவாதிகளுக்குப் பற்றுக்கோடாயிற்று. 1917-இல் ருசிய விமர்சகர் விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி, பழகிப்போன பொருளைப் புதிதாகக் காணச் செய்வதே கலையின் வேலை என்றார். மார்க்சியர்கள் இதை மறுத்தனர். சமூக வாழ்வைப் புறக்கணித்து உருவத்தை மட்டும் பேசுவதும் ஒரு கருத்துமுதல்வாதமே என்பது அவர்கள் வாதம்.

தமிழில்

தமிழில் இவ்விவாதத்தின் மையத்தில் நின்றவர் சி. சு. செல்லப்பா (1912–1998). பெயரிலுள்ள 'சி' கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரைக் குறிக்கிறது. 1959 சனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கும் விமர்சனத்திற்கும் களமானது. சொந்த ரசனையைச் சொல்வதோடு நில்லாமல், வரிவரியாகப் பிரித்துக் காரணம் காட்டும் 'அலசல் விமர்சனத்தை' அவர் வலியுறுத்தினார். இதில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் முதலிய ஆங்கில விமர்சகர்களின் தாக்கம் உண்டு. இடதுசாரி விமர்சகர்கள் 'எழுத்து' மரபை உருவவாதம் என்று சாடினர்.

முறையா, கொள்கையா?

செல்லப்பா காந்தியவாதி, விடுதலைப் போரில் சிறை சென்றவர். தம் இறுதிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' என்ற பெருநாவலை எழுதியவர். கொள்கை அற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவருடைய 'வாடிவாசல்' குறுநாவலின் உருவம் மிகச் சிக்கனமானது: ஒரு சல்லிக்கட்டுத் திடல், ஒரு பிற்பகல். தந்தையைக் கொன்ற காரிக்காளையைப் பிச்சி அடக்குகிறான். தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார். ஆசிரியர் நியாயம் பேசுவதில்லை. ஆயினும் விளையாட்டை விளையாட்டாக ஏற்க மறுக்கும் அதிகாரத்தின் இயல்பு, அந்தக் கட்டமைப்பாலேயே வெளிப்படுகிறது.

எனவே உருவவாதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். படைப்பைக் கூர்ந்து வாசிக்கும் முறை ஒன்று. உருவமே எல்லாம் என்னும் கொள்கை மற்றொன்று. முதலாவதை ஏற்பவர் இரண்டாவதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. தொல்காப்பியச் செய்யுளியலும் 34 உறுப்புகளை எண்ணும்போது அசை, சீர், அடியோடு திணையையும் மெய்ப்பாட்டையும் ஒரே வரிசையில் வைக்கிறது. உருவத்தையும் பொருளையும் எதிரெதிராக நிறுத்துவது ஒன்றே வழி அன்று என்பதற்கு அந்த வரிசையே சான்று.